வீடு பெண்ணுக்கு

காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. வாப்பா கட்டினாலும் சரி, சபரில் (வெளிநாட்டுப் பிழைப்பில்) இருக்கும் காக்கா (அண்ணன்) பணம் அனுப்பிக் கட்டினாலும் சரி, பத்திரம் பெண்ணின் பெயரில்தான். நிக்காஹ் முடிந்த பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண் தன் உம்மாவை விட்டு எங்கேயும் போவதில்லை. சென்னையில் கொஞ்ச காலம் இருந்தபோது பக்கத்து வீட்டுத் தோழிகளிடம் இதைச் சொன்னால், "அப்போ உங்க மாமியார் யாரோட இருக்காங்க?" என்றுதான் கேட்பார்கள். என் மாமி தன் வீட்டில், தன் மகளோடு இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

இதை விட்டுவிட வேண்டும் என்ற பேச்சு இப்போது ஊரில் அடிக்கடி எழுகிறது. மார்க்கம் படித்த பிள்ளைகள் ஒரு பக்கம் சொல்கிறார்கள். பெண்பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, இடம் வாங்க வழியில்லாமல் தவிக்கும் வாப்பாமார்கள் இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். என் இளைய மகளுக்குச் சம்பந்தம் பேச ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். இந்த வழக்கத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் எனக்கும் சொல்ல இருக்கிறது.

என் உம்மாவிலிருந்து தொடங்குகிறேன். வாப்பா மௌத்தானபோது உம்மாவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கணவனை இழந்தவள் 4 மாதம் 10 நாள் இத்தா (மறுமணம் செய்யாமல் காத்திருப்பது) இருக்க வேண்டும் என்பது குர்ஆன் சொன்ன கணக்கு. அந்த நாட்களை உம்மா தான் பிறந்த வீட்டிலேயே இருந்தார். அதே நடுக்கூடம், அதே கட்டில், கொல்லையில் அதே கிணறு. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய தங்கை. பகல் முழுக்க யாராவது ஒருத்தி யாசீன் ஓதிக்கொண்டோ, சும்மா பேசிக்கொண்டோ கூடவே இருப்பார்கள். கவலை இல்லாமல் இல்லை. வாப்பாவுக்குக் கொழும்புக் கடையில் இருந்த பங்கைக் கணக்குப் பார்த்து வாங்குவதற்குள் காக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. தம்பியின் படிப்பு நடுவில் நின்றது. ஆனால் "இனிமேல் எங்கே போய் இருப்பது" என்ற கேள்வி உம்மாவுக்கு வரவே இல்லை. வேறு ஊர்களில் விதவையான என் தோழிகள் இரண்டு பேருக்கு அந்தக் கேள்விதான் முதல் வாரத்திலேயே வந்தது. ஒருத்தியைக் கணவனின் அண்ணன்கள் இத்தா முடியும்வரை பொறுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

தலாக்கும் அப்படித்தான். விவாகம் முறிவது எங்கும் துக்கம்தான், எங்கள் ஊரிலும் துக்கம்தான். ஆனால் இங்கே பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போவது ஆண். பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள், அதே வாசலில் விளையாடுவார்கள். எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். வீட்டிலேயே தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். வாடகை என்று ஒன்று அவள் வாழ்க்கையில் இருந்திருந்தால் அது முடிந்திருக்காது.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டால் பெரியவர்கள் கடலைக் காட்டுவார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியபோதே அரபு நாட்டுக் குதிரைகள் இறங்கும் இடமாக அது இருந்தது. தாமிரபரணி கடலில் சேரும் இந்தக் கரை முழுக்க முத்தும் குதிரையும் துணியுமாக வியாபாரம். அப்புறம் இலங்கை, மலாக்கா, பர்மா. எங்கள் தலைமுறைக்கு ஹாங்காங், வளைகுடா. ஆண்கள் எப்போதும் சபரில்தான். போனால் திரும்பி வர மாதங்கள், சில சமயம் வருடங்கள். அந்த நேரத்தில் ஒரு பெண்ணை அவளுக்குப் பழகாத மாமியார் வீட்டில் விட்டுப் போவதைவிட அவள் உம்மாவோடு விட்டுப் போவதுதான் நல்லது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு இது சரியான விளக்கமாகவே படுகிறது, ஏனென்றால் கடல் வியாபாரம் செய்த முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் இதே வழக்கம் உண்டு. கீழக்கரையில் உண்டு. கேரளத்தில் கண்ணூர், தலச்சேரிப் பக்கம் உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடியிலும் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிக்காஹ் செய்கிறார்கள்.

என் உம்மம்மா தன் கணவருக்குக் கொழும்புக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் அரபுத்தமிழில். அரபு எழுத்து, தமிழ்ப் பேச்சு. பள்ளிக்கூடம் போகாத அந்தக் காலத்துப் பெண்களுக்கு ஓதப் பழகிய எழுத்து அதுதான் என்பதால் கணக்கும் கடிதமும் அதிலேயே எழுதினார்கள். அரபியில் இல்லாத ட, ண, ழ மாதிரியான ஒலிகளுக்கு எழுத்தின் மேலும் கீழும் புள்ளி சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய நோட்டு ஒன்று ராத்தாவிடம் (அக்காவிடம்) இருக்கிறது. அதில் வீட்டுக் கணக்கு: சுண்ணாம்புக்கு இவ்வளவு, தேக்கு மரத்துக்கு இவ்வளவு, கொத்தனாருக்கு இவ்வளவு. சபரில் இருந்தவர் பணம் அனுப்பினார், சரி. வீட்டைக் கட்டியது உம்மம்மா. இதைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் சும்மா உட்கார்ந்து வீட்டை வாங்கிக்கொண்டவர்கள் என்று ஆகிவிடும்.

எங்கள் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், கொல்லை வாசல் வேறொரு பக்கத்தில், நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வீடுகளுக்கு நடுவே ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் முடுக்கு. அது பெண்கள் நடக்கிற வழி. பெருந்தெருவுக்கே வராமல் அந்த முடுக்குகள் வழியாகவே ஊரின் பாதியைச் சுற்றி வந்துவிடலாம். ரமலான் இரவுகளில் இஷா தொழுகைக்குப் பிறகு அந்த முடுக்குகளில் நின்று பார்க்க வேண்டும். வெள்ளைத் துப்பட்டியும் கையில் டார்ச்சுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தைக்காவுக்குப் போவார்கள். பெண்களுக்கென்றே உள்ள தொழுமிடங்கள் இந்தத் தைக்காக்கள். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹைத் தொழவைப்பதும் பெண்தான். தொழுது முடித்ததும் யாராவது வாடா பொரித்துக் கொண்டுவந்திருப்பார்கள், மேலே இறாலைப் பதித்து. அதைத் தின்றுகொண்டே யார் மகள் குர்ஆனில் எந்த ஜூஸ்உ (பாகம்) மனப்பாடம் செய்கிறாள், யார் வீட்டு மாப்பிள்ளை சபரிலிருந்து பெருநாளைக்கு வருகிறார் என்று எல்லா விஷயமும் பேசப்படும். பள்ளிவாசலில் ஆண்களுக்குக் கிடைக்கும் ஜமாஅத்து (கூட்டுத் தொழுகை) எங்களுக்கு இங்கே கிடைக்கிறது. அக்காவும் தங்கையும் உம்மாவும் சாச்சியும் (சித்தியும்) ஒரே தெருவில் இருப்பதால்தான் இது நடக்கிறது. ஆளுக்கொரு ஊரில் மாமியார் வீட்டில் இருந்தால் தைக்கா எப்படி நிறையும்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் ஊரில் 40,000 பேருக்குச் சற்று மேல், அதில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஆச்சரியமில்லை. ஆண்கள் பாதிப் பேர் வேறெங்கோ சம்பாதித்துக்கொண்டிருக்க, ஊர் பெண்களின் கையில்தான் இருக்கிறது.

சரி, இப்போது பாரத்தைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் போனால் நியாயமாக இருக்காது.

மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு. முன்பு ஒரு பெரிய வீட்டைக் குறுக்கே சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். அடுத்த தலைமுறையில் அந்தப் பாதி இன்னொரு பாதியானது. அப்புறம் மாடி. மாடிக்கு மேல் மாடி. இப்போது ஊருக்கு உள்ளே ஒரு சென்ட் இடம் கேட்டால் சொல்கிற விலையில் வேறு ஊரில் ஒரு வீட்டையே வாங்கலாம். இருபத்தைந்து வயதில் ஹாங்காங் போன ஒரு பையன், தங்கைகள் இரண்டு பேருக்கும் வீடு முடியும்வரை தனக்கு நிக்காஹ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாற்பதைத் தொட்டுவிடுகிறான். என் காக்காவே அப்படித்தான். எனக்கும் ராத்தாவுக்கும் வீடு நின்றது அவர் இளமையில்தான். அவருக்கென்று ஊரில் ஒரு செங்கல் இல்லை. மச்சி (அவர் மனைவி) வீட்டில் இருக்கிறார், சந்தோஷமாக இருக்கிறார். ஆனாலும் பெருநாள் அன்று உம்மா வீட்டுக்கு வந்து உட்காரும்போது, அவர் பார்த்துப் பார்த்துப் போட்ட அந்தத் தரையில் அவர் விருந்தாளியாக இருப்பது எனக்கு நெஞ்சை அறுக்கும்.

இதைவிட வலிப்பது வீடில்லாத பெண். என்னோடு தைக்காவில் ஓதியவள் ஒருத்தி. குர்ஆனை அவ்வளவு அழகாக ஓதுவாள். வாப்பாவுக்கு மீன் வியாபாரத்தில் நட்டம், கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் அவளைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். முப்பத்தைந்தைத் தாண்டித்தான் அவளுக்கு நிக்காஹ் நடந்தது, அதுவும் வெளியூரில். எங்கள் ஊரில் கைக்கூலி (வரதட்சணை) வாங்குவதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற குடும்பங்கள்கூட, வீடு எங்கே, எத்தனை சென்ட், தனி வாசலா என்று கேட்பதைக் கைக்கூலியாக நினைப்பதில்லை. அதுவும் கைக்கூலிதான். அல்லாஹ் ஆணின் மீது கடமையாக்கியது, மணப்பெண்ணுக்கு அவன் கொடுக்கும் மஹர். பெண்களுக்கு அவர்களுடைய மஹரை மனமுவந்து கொடுங்கள் என்று குர்ஆனில் சூரத்துன் நிஸா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. கொடுக்க வேண்டியவன் கேட்கிறவனாக மாறியதை எந்த வழக்கத்தைச் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

மார்க்கம் படித்த பிள்ளைகள் சொல்வது இன்னும் ஆழமானது. இருப்பிடம் கொடுப்பது கணவனின் பொறுப்பு என்கிறார்கள். தலாக் சொல்லப்பட்ட பெண்ணைக்கூட, உங்கள் வசதிக்கேற்ப நீங்கள் குடியிருக்கும் இடத்தில் குடியமர்த்துங்கள் என்று சூரத்துத் தலாக்கின் 6-ஆம் வசனம் சொல்லும்போது, வாழ்கிற மனைவிக்கு வீடு கொடுக்க வேண்டியது யார் என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

இன்னொன்றும் உண்டு. ரஜப் மாதத்தில் எங்கள் ஊரில் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடக்கும். மாதம் முழுக்க, நபிமொழிகளின் (ஹதீஸ்களின்) தொகுப்பான ஸஹீஹுல் புகாரியை ஓதி முடிப்பார்கள். ஒவ்வொரு நாளும் அன்று ஓதிய ஹதீஸ்களிலிருந்து ஆலிம்கள் விளக்கம் சொல்வார்கள். வேலையை முடித்துவிட்டு அதைக் கேட்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். ஒரு வருடம் அன்பளிப்புகளைப் பற்றிய பாடம் வந்தது. நுஃமான் இப்னு பஷீர் சொல்லும் ஹதீஸ். அவருடைய தகப்பனார் அவருக்கு ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களைச் சாட்சியாக்க வருகிறார். "உம்முடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி கொடுத்தீரா?" என்று நபியவர்கள் கேட்கிறார்கள். இல்லை என்கிறார். அல்லாஹ்வுக்கு அஞ்சுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கிடையே நீதமாக நடந்துகொள்ளுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.

அதைக் கேட்ட இரவு என் மனது காக்காவிடம்தான் போனது.

பிறகு மார்க்கம் தெரிந்த ஒரு பெரியவரிடம் என் கணவர் மூலமாகக் கேட்டேன். நாங்கள் ஷாஃபிஈ மத்ஹப் என்ற சட்ட வழியைப் பின்பற்றுகிறவர்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பில், ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் சமமாகக் கொடுப்பது சுன்னத் (நபிவழி). ஒருவருக்குத் தேவை அதிகம் என்று கூடுதலாகக் கொடுத்தால் அதற்கு இடம் உண்டு. தேவையே இல்லாமல் ஏற்றத்தாழ்வு செய்வது வெறுக்கத்தக்கது, ஆனாலும் கொடுத்தது கொடுத்ததுதான், செல்லும். ஹயாத்தோடு (உயிரோடு) இருக்கும்போது மகளுக்கு ஹிபாவாக (அன்பளிப்பாக) கொடுத்த வீடு பிறகு வாரிசுப் பங்கில் சேராது. அதற்கு மூன்று காரியம் நடக்க வேண்டும்: கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், மகள் ஏற்றுக்கொள்ள வேண்டும், வீட்டை அவள் கைவசம் ஒப்படைக்க வேண்டும். இந்தியச் சட்டமும் முஸ்லிம்களின் ஹிபாவை இப்படித்தான் பார்க்கிறது; வாய்மொழியாகவே செல்லும். இருந்தாலும் பின்னால் சண்டை வராமல் இருக்கப் பதிவு செய்துவிடுவதுதான் நல்லது. மகள் பெயரில் எழுதிவிட்டு, சாவியை வாப்பா இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தால் அது ஹிபா ஆகாது. எங்கள் ஊரில் இந்தக் கடைசி விஷயத்தைப் பல பேர் கவனிப்பதில்லை. வாப்பா மௌத்தான பிறகு பிள்ளைகள் சட்டை பிடிக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டு யோசித்ததில் எனக்குத் தோன்றுவது இதுதான். உம்மாவும் வாப்பாவும் தங்களால் முடிந்ததை, பிள்ளைகள் எல்லாரிடமும் சொல்லி, மகளுக்கு வீடாகக் கொடுப்பதில் தவறில்லை. முடிந்தவர்கள் விடவே கூடாது. இந்த நாட்டில் எத்தனை பெண்களுக்குத் தன் பெயரில் ஒரு கதவு இருக்கிறது? எங்களுக்கு இருக்கிறது, தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. சீர்திருத்தம் என்று சொல்லி அதைக் கைவிட்டுவிட்டு, நாளைக்கு எங்கள் பேத்திகள் மாமியார் வீட்டில் ஓர் அறைக்குக் காத்து நிற்க வேண்டுமா? நிறுத்த வேண்டியது மாப்பிள்ளை வீட்டார் கேட்பதை. வீடில்லாத பெண்ணை நிக்காஹ் செய்கிற பையன் வாடகைக்கு வீடு பிடிக்கட்டும். அது அவன் கடமை. அதைக் குறைவாகப் பேசுகிற வாய்களை ஊர் ஜமாஅத்து கண்டிக்கட்டும்.

என் இளையவளுக்குப் பேசிய முதல் சம்பந்தத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நல்ல குடும்பம், தொழுகையுள்ள பையன். எல்லாம் பேசி முடித்து வட்டிலாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பையனின் சாச்சி கேட்டார், "மாடி மூத்த மகளுக்குக் கொடுத்துட்டீங்கன்னா இவளுக்கு எங்கே?" பின்பக்கம் கட்டப்போகிறோம் என்றேன். "பின்பக்கம்னா முடுக்கு வழியாத்தானே வரணும், எங்க பிள்ளை பெருந்தெரு வாசல்ல வளர்ந்தவன்" என்றார். என் கணவர் அப்போது விடுப்பில் வந்திருந்தார், அதிகம் பேசாதவர். "இன்ஷா அல்லாஹ் அவருக்குப் பெருந்தெரு வாசலிலேயே நல்ல இடம் அமையட்டும்" என்று சொல்லி, அவர்களுக்கு ஸலாம் சொல்லி வழியனுப்பிவிட்டு வந்தார். அன்று அவர் மீது எனக்கு வந்த மதிப்பை எழுதிக் காட்ட முடியாது. மகள் இரண்டு நாள் முகம் வாடிக்கிடந்தாள். அப்புறம் அவளே, "உம்மா, முடுக்கு பிடிக்காதவரோடு நான் எப்படி இருக்கிறது?" என்றாள்.

இப்போது அமைந்திருக்கிற இடத்தில் பையனின் உம்மா வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஹர் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றுதான் கேட்டார். நாங்களாகவே பின்பக்கம் வீடு கட்டுகிறோம் என்று சொன்னபோது, "அது உங்க பிள்ளைக்கு நீங்க கொடுக்கிறது, நாங்க என்ன சொல்ல" என்றார்.

மகனையும் உட்காரவைத்துப் பேசினோம். சென்னையில் வேலையில் இருக்கிறான். வீடு இரண்டும் தங்கைகளுக்கு, அதற்கு ஈடாகக் கொழும்புக் கடையில் உன் வாப்பாவுக்கு இருக்கும் பங்கை உன் பெயருக்கு மாற்றுகிறோம், உனக்குச் சம்மதமா என்று கேட்டோம். விலை போட்டால் சமமாக வராது. அவனுக்குக் கொஞ்சம் குறைவுதான். அதையும் மறைக்காமல் சொன்னோம். சம்மதம் என்றான். அப்புறம் அவன் ஒரு நிபந்தனை போட்டான்: தனக்குப் பெண் பார்க்கும்போது நாங்கள் வீடு கேட்கக் கூடாது. பெண் வீட்டில் இடம் இருந்தால் போய் இருப்பானாம், இல்லையென்றால் தானே வாடகைக்குப் பார்ப்பானாம். என் உம்மா அந்தப் பக்கம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வாடகை வீட்டிலிருந்து காயல்பட்டினத்து மாப்பிள்ளையா என்று முதலில் முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ரசூலுல்லாஹ் மதீனாவுக்கு ஹிஜ்ரத்து வந்தப்போ அபூ அய்யூபுல் அன்சாரி வீட்டுலதானே தங்கினாங்க" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ரமலான் முடிந்து ஷவ்வாலில் என் கணவர் வந்ததும் பதிவு. அதற்குள் தளம் போட்டுவிட வேண்டும். சமையலறை ஜன்னல் முடுக்கைப் பார்த்து இருக்க வேண்டும், ராத்தா மாடியிலிருந்து கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று இளையவள் ஒரே பிடியாக இருக்கிறாள். கொத்தனார் அங்கேதான் தூண் வருகிறது என்கிறார். நாளைக்குக் காலையில் வரச் சொல்லியிருக்கிறேன், தூணை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்று பார்க்க.